பக்கவாதமும் கல்வி எனும் கையிருப்பும்

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 28 பேர். பெண்களில் 15 பேர் மட்டுமே. அந்நாளில் பள்ளி வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதை எட்டியோ கடந்தோ உள்ளனர். பக்கவாதத்தின் அபாயம் மிகுந்த வயது இது.

மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதாலோ, இரத்தக் குழாய் வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. கை கால் செயலிழப்பது உடனே தெரியும். நினைவும் கவனமும் குன்றுவது வீட்டாருக்குப் பின்னரே புலப்படும்: மருந்து வேளை தவறும்; சில்லறை எண்ணுவதில் தடுமாற்றம் ஏற்படும். எனினும் ஒரே அளவு சேதமுற்ற இருவரில் ஒருவர் சமாளிக்கிறார், மற்றவர் தளர்ந்துவிடுகிறார். கொலம்பியா பல்கலைக்கழக அறிஞர் யாக்கோவ் ஸ்டெர்ன் 2002இல் இதனை 'அறிவாற்றல் கையிருப்பு' என்ற கருத்தால் விளக்கினார். பழக்கப்பட்ட மூளை, ஒரு வழி அடைபட்டால் மாற்று வழியில் பணியை முடிக்க வல்லது. அரசின் தானியக் கையிருப்பு வறட்சியைத் தடுப்பதில்லை. தாங்கும் ஆற்றலையே தருகிறது. கல்வியின் பணியும் அத்தகையதே.

கையிருப்பு குறையவும் கூடும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்திற்குப் பின் கல்லூரிக் கல்வி பெற்றோர் தொடக்கத்தில் மேலான நிலையில் இருந்தனர். ஆயின் திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் அவர்களிடம் பின்னர் விரைவாகச் சரிந்தது.

இத்தகைய கையிருப்பைப் பள்ளி மட்டுமே தருகிறது என்பதற்கில்லை. ஐதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 608 பக்கவாத நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. பல மொழி பேசுவோரில் 40.5 சதவீதத்தினரின் அறிவாற்றல் இயல்பாக இருந்தது. ஒரு மொழி மட்டும் அறிந்தோரில் இது 19.6 சதவீதமே. தெலுங்கும் உருதுவும் கடைத்தெருவிலேயே கலந்து ஒலிக்கும் நகரம் அது. அந்நகரில் மறதி நோய் குறித்து 2013இல் வெளியான ஆய்வில், பள்ளி செல்லாதவரிடையேயும் பன்மொழியறிவின் பயன் காணப்பட்டது. ஆனால் பக்கவாதத்தால் பேச்சிழப்போர் விகிதத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

புள்ளிவிவரங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான மனத்திறன் சோதனை, வாக்கியம் ஒன்றைப் படிக்கவும் எழுதவும் சொல்கிறது. எழுத்தறியா மூதாட்டி நல்ல நினைவுடன் இருந்தாலும் அங்கு மதிப்பெண் இழப்பார். நோயாளியாகவே கணக்கில் சேர்ந்துவிடுவார். அரியானாவின் பல்லப்கரில் ஆய்வாளர்கள் 1990களில் இச்சோதனையை, எழுத்தறியாதோருக்கும் பொருந்துமாறு இந்தியில் மாற்றியமைத்தனர். வட்டார மருத்துவமனைகளுக்குச் சோதனைத் தாள் அனுப்பும் அலுவலர், அது எவ்வகைத் தாள் என்பதை முதலில் பார்த்தல் நலம்.