ஒரு முனையிற் பல விசிறிகள்

கணிப்பொறி இக்காலத்து மாணவர்க்கு எழுதுகோலைப் போன்று இன்றியமையாத கருவியாயிற்று. அதனுட் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே மாறுகின்றது. அவ்வுஷ்ணத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிடின், கருவி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அதுவும் போதாதாயின் நின்றுவிடும். நம் தருமபுரி மாவட்டத்திலோ சித்திரை, வைகாசி மாதங்களில் வெளிக்காற்றே 37, 38 பாகை செல்சியஸ் வரை காய்வது புதிதன்று. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அறைக்காற்றைப் பெட்டிக்குட் செலுத்திச் சூடேறிய காற்றைப் புறந்தள்ளுவதே அதன் தொழில். எனவே அறைக்காற்றுச் சூடாக இருக்குமளவிற்கு மிகுதியான காற்றைச் செலுத்தவேண்டும். ஒரு விசிறி இருந்த பெட்டியில் இரண்டும் மூன்றும் பொருத்த மாணவர் விரும்புவது இதனாலேயே.

ஆனால் மதர்போர்டில் விசிறியைச் செருகும் முனைகள் சிலவே. அக்குறையை நீக்க வந்ததே 'ஸ்பிளிட்டர்' என்னும் பிரிப்புக் கம்பி. ஒரு முனையிற் செருகினால் மறுபுறம் இரண்டு, மூன்று, சிலவற்றில் ஐந்து விசிறிகளையும் அதில் மாட்டலாம். விலை சிறிது, வேலை எளிது. எனினும், இக்கம்பி செய்வது யாது, செய்யாதது யாது என்பதை அறிந்தே அதனைக் கையாளவேண்டும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒகேனக்கல்லைக் கண்டவர், காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாய்ப் பிரிந்து வீழும் காட்சியை மறவார். எத்தனை கிளைகளாகப் பிரிந்தாலும், அவற்றின் நீரெல்லாம் கூடினால் மேலிருந்து வந்த ஆற்றின் அளவே ஆகும். மின்னோட்டத்திற்கும் இவ்விதி பொருந்தும். ஒரு சந்தியில் வந்து சேரும் மின்னோட்டமும் அதிலிருந்து பிரிந்து செல்லும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் சமம் என்று ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃப் 1845-ஆம் ஆண்டில் வகுத்தார்.

ஆயினும், அருவி உவமையை முற்றும் நம்பினால் ஒரு பிழை நேரும். ஆற்றில் வரும் நீர் இவ்வளவு என்று முன்னரே அமைந்துள்ளது. கிளைகள் பெருகினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். விசிறிகளின் நிலை அத்தகையதன்று. 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நினைக்க. குழாய்கள் பெருகப் பெருக நீரேற்றும் பம்புகளின் மீதுள்ள சுமையும் பெருகுகின்றது. ஒவ்வொரு குழாயும் தனக்கு வேண்டியதைக் கேட்கின்றது. பிரிப்புக் கம்பியும் விசிறிகளைப் பக்க இணைப்பாகவே இணைக்கின்றது. ஒவ்வொரு விசிறியும் முழு 12 வோல்ட்டையும் பெற்றுத் தனக்குரிய மின்னோட்டத்தை முழுமையாக இழுக்கின்றது. அவ்வளவையும் கூட்டித் தரவேண்டிய பொறுப்பு மதர்போர்டின் அந்த ஒரு முனையைச் சார்ந்தது. கம்பி பிரிகின்றது, சுமை பிரிவதில்லை. இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி.

இதனைக் கணக்கால் தெளிவோம். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு முனைக்கு 1 ஆம்பியர், அதாவது 12 வாட் என்பது எல்லை. 2 அல்லது 3 ஆம்பியர் தரும் முனைகளும் சிலவற்றில் உண்டு. உரிய கையேட்டைப் பார்த்தே இதனைத் துணிய வேண்டும். விசிறி இழுக்கும் மின்னோட்டம் அதன் நடுவில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 0.18 ஆம்பியர் விசிறிகள் மூன்றை இணைத்தால் மொத்தம் 0.54 ஆம்பியர், 12 வோல்ட்டால் பெருக்க 6.48 வாட். இஃது எல்லைக்குள் அடங்கும். 0.30 ஆம்பியர் விசிறிகள் ஆறை இணைத்தாலோ மொத்தம் 1.80 ஆம்பியர். இதனை 1 ஆம்பியர் முனையிற் செருகின், முனையின் காப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்தலாம். காப்பில்லாதவிடத்து மதர்போர்டின் நுண்ணிய பாகங்கள் கருகவும் கூடும்.

கணக்கு எல்லையைத் தொடும்படி இருத்தலும் நன்றன்று. நின்றிருக்கும் விசிறி சுழலத் தொடங்கும் கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். நான்கு கம்பி விசிறிகளுக்கு இன்டெல் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைப் பதிப்பு, நிலையான ஓட்டத்திற்கு 1.5 ஆம்பியரும், தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு மேற்படாமல் 2.2 ஆம்பியரும் எல்லையாகக் குறிக்கின்றது. ஆகவே எல்லையில் மூன்றில் ஒரு பங்கையேனும் மிச்சம் விடுதல் அறிவுடைமை.

சுமை குறையட்டும் என்று விசிறிகளைத் தொடர் இணைப்பாக இணைக்கலாகாதோ எனச் சிலர் வினவலாம். அவ்வாறு செய்யின் 12 வோல்ட் இரண்டாகப் பகிரப்படும். ஒவ்வொன்றிற்கும் ஏறத்தாழ 6 வோல்ட்டே கிட்டுவதால் விசிறி தளர்ந்து சுழலும், அன்றிச் சுழலத் தொடங்காமலே நிற்கும். அம்முறை தள்ளத்தக்கது.

இனி, நான்கு கம்பிகளின் தொழிலை நோக்குவாம். முதலாவது நிலக்கம்பி, இரண்டாவது 12 வோல்ட் கம்பி, மூன்றாவது விசிறியின் வேகத்தை மதர்போர்டுக்கு அறிவிப்பது, நான்காவது எவ்வளவு வேகமாய்ச் சுழலவேண்டும் என்று மதர்போர்டு கட்டளையிடுவது. நான்காவது கம்பியில் விநாடிக்குச் சுமார் 25,000 துடிப்புகள் செல்லும். துடிப்பின் அகலம் மிகுந்தால் வேகம் மிகும். மூன்று கம்பி விசிறியில் இக்கட்டளைக் கம்பி இல்லை. அதன் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்தே அடக்கவேண்டும். ஆதலின் இருவகை விசிறிகளையும் ஒரே பிரிப்புக் கம்பியிற் கலத்தல் ஆகாது. கலந்தால், துடிப்பு முறையில் மூன்று கம்பி விசிறி எப்போதும் முழுவேகத்தில் இரையும்.

கட்டளையை எத்தனை விசிறிகளும் ஒருங்கே கேட்கலாம். அறிவிப்போ அவ்வாறன்று. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். நிமிடத்திற்கு 1,200 சுற்றுச் சுழலும் விசிறியிலிருந்து விநாடிக்கு 40 துடிப்புகள் வரும். மூன்று விசிறிகளின் துடிப்புகள் ஒரே கம்பியிற் கலந்தால் கணக்குக் குழம்பும். ஆதலால் நல்ல பிரிப்புக் கம்பிகளில் ஒரு கிளைக்கு மட்டுமே மூன்றாவது கம்பி இருக்கும். மற்றக் கிளைகளில் அவ்விடம் வெறுமையாய் இருக்கும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை பெரிது. மூன்று விசிறிகளுள் ஒன்றின் குரலே மதர்போர்டுக்குக் கேட்கின்றது. மற்ற இரண்டும் தூசியடைந்தோ அச்சுத் தேய்ந்தோ நின்றுபோயினும், திரையில் 'விசிறி நலமே சுழல்கின்றது' என்னும் செய்தியே தோன்றும். வெப்பமானி எச்சரிக்குமுன் கோடை நடுப்பகலில் ஆய்வுக் கூடத்துக் கருவி நின்றுவிடின், ஒரு மாணவனின் பல நாள் உழைப்பு சேமிக்கப்படாமல் மறையக்கூடும். ஒருவன் கூறும் நலச்செய்தியைக் கொண்டு ஊரெல்லாம் நலமென்று கொள்வது போன்றதே இது. கருவி காணாததை நம் கண்ணே காணவேண்டும்.

மின்னோட்டம் எல்லையைக் கடக்கும் என்று தெரிந்தால் வழியில்லாமற் போகவில்லை. பவர் சப்ளையிலிருந்து நேரே மின்சாரம் பெறும் 'ஹப்' என்னும் பகிர்வுப் பெட்டி உண்டு. அதனிடம் மதர்போர்டு கட்டளையை மட்டும் அனுப்பி, ஒரு விசிறியின் வேகத்தை மட்டும் கேட்டறியும். சுமையைப் பவர் சப்ளையே தாங்கும். ஸாட்டா மின்முனையின் 12 வோல்ட் பகுதியில் 1.5 ஆம்பியர் தாங்கும் ஊசிகள் மூன்று இருத்தலின், மொத்தம் 4.5 ஆம்பியர் வரை அது தரவல்லது.

இதுகாறும் கூறியவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். முதலாவது, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இணைப்பில் கைவைக்கவும். இரண்டாவது, சீட்டிலுள்ள ஆம்பியர்களைக் கூட்டி, முனையின் எல்லையோடு ஒப்பிடவும். மூன்றாவது, ஒரே வகையான விசிறிகளையே ஒரு கம்பியிற் சேர்க்கவும். நான்காவது, வேகம் அறிவிக்கும் கிளையில் முக்கியமான விசிறியை மாட்டவும். பிராசசரின் மேலுள்ள விசிறிக்கோ தனி முனையே அளிக்கவும். ஐந்தாவது, மாதம் ஒருமுறை பக்கப் பலகையைத் திறந்து எல்லா விசிறிகளும் சுழல்கின்றனவா என்று பார்த்து, பின்னர் மின்சாரத்தை நிறுத்தித் தூசி துடைக்கவும்.

சில ரூபாய்க் கம்பி ஒன்றிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என நினைக்கலாகாது. பௌதிக வகுப்பிற் கரும்பலகையில் நாம் கற்ற பக்க இணைப்பும் கிர்க்காஃப் விதியும் இச்சிறு கம்பியில் நம் கைக்கு எட்டும் பொருளாகின்றன. கூட்டல் ஒன்றும், மாதத்திற்கொரு பார்வையும் போதும். கோடை முழுவதும் கருவி நமக்கு உழைக்கும்.