மண்ணுக்குள் வாழும் கோடிகள்

ஆடி மாதத்தில் நயினார்கோவில் வட்டாரத்து மானாவாரி வயல்களைக் காண்போர், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண்ணில் உயிர் ஏதுமில்லை என்றே எண்ணுவர். ஆயினும் முதல் மழை விழுந்தவுடன் எழுகிறதே ஒரு வாசனை, அதனை உண்டாக்குபவை ஆக்டினோமைசீட் போன்ற நுண்ணுயிர்களே. கோடை முழுவதும் வித்துருவில் உறங்கிக் கிடந்து, ஈரம் கண்டதும் அவை விழித்தெழுகின்றன.

வளமான மண் ஒரு கிராமில், அதாவது ஒரு சிட்டிகையில், நூறு கோடி வரையில் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றுள் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. பூஞ்சணமும் பாசியும் இக்கணக்கில் சேரா.

பாக்டீரியாவை முதன்முதல் கண்டவர் கல்லூரிப் பண்டிதர் அல்லர். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகர ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் என்பார். துணியின் இழைகளைக் கண்ணாடி வில்லை கொண்டு சோதிப்பது அக்காலத்து ஜவுளிக்காரர் வழக்கம். அவர் தாமே வில்லைகள் செய்து, 1676-ல் மிளகு ஊறிய நீரில் இவ்வுயிர்களைக் கண்டார். நம் நெசவாளர் பாவுக்கு இட்டு மிஞ்சிய கஞ்சி மறுநாள் புளிப்பதும் இக்கூட்டத்தாரின் வேலையே.

வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தும் நம் பழைய வழக்கம், உண்மையில் இவற்றுக்கு உணவிடுவதாகும். தாளைக் கொளுத்துவோர் அவ்வுணவையும் எரித்து, மேல்மண்ணில் உள்ள உயிர்களையும் மாய்க்கின்றனர். ஒரே பருவமழையை நம்பி விதைக்கும் நமக்கு இந்நஷ்டம் கட்டாது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும், பயிர் அதனை நேரே உண்ண இயலாது. உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் அதனைப் பிடித்து, தழைச்சத்தாக்கிப் பயிருக்கு ஊட்டுகிறது. விதைத்த ஐந்தாறு வாரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பாருங்கள்; பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சைக் கிள்ளும்போது உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின் வேலை நடக்கிறது. வெளுத்திருப்பின் நடக்கவில்லை. அப்படியானால் அடுத்த விதைப்புக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பொட்டலம் கேட்டு வாங்குக. அதனை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைத்துவிட வேண்டும். சூடான கஞ்சியில் கலப்பவர் ரைசோபியத்தைச் சமைத்து விதைப்பவராவர்! பூஞ்சண மருந்தும் கலப்பதாயின், அதனை ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்க.