இல்லாத காலில் வலி ஏன்? மூளையைப் பற்றி ஒரு பாடம்



இனிப்புநீர் வியாதியால் காலிழந்தோர் ஜொகூரில் நம் உறவினரிடையேயும் இருக்கலாம். அவர்களில் சிலர், "எடுத்துவிட்ட காலின் பெருவிரல் வலிக்கிறது" என்று துடிப்பதுண்டு. கேட்போர் அதை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். ஆனால் அந்த வலி மெய்யானதே. காரணத்தை விளங்கிக்கொள்ள மூளையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அதன் பிரதான பகுதிகள் மூன்று:

1. பெருமூளை: சிந்தனை, நினைவு, பேச்சு, புலனுணர்வு ஆகியவற்றுக்கு இருப்பிடம்.
2. சிறுமூளை: பிடரிப் பக்கம் உள்ளது, நடையையும் சமநிலையையும் சீர்செய்வது.
3. மூளைத்தண்டு: மூச்சையும் இதயத் துடிப்பையும் காப்பது.

பெருமூளையின் இடப் பாதி உடலின் வலப்புறத்தையும், வலப் பாதி இடப்புறத்தையும் ஆளுகின்றன. ஒவ்வொரு பாதியிலும் உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டையில், உடலின் எதிர்ப்புறம் முழுவதும் ஒரு தேசப்படம்போல் பதிந்திருக்கிறது. விரல்களுக்கும் உதடுகளுக்கும் அதில் இடம் அதிகம், முதுகுக்கோ குறைவு. கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் இருக்கிறது. உறுப்பு போனாலும் மூளையிலுள்ள இந்தப் படம் அழிவதில்லை. இல்லாத உறுப்பு இருப்பதுபோல் தோன்றுவது இதனாலேயே.

தமிழ்நாட்டில் 1951-ல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் கலிபோர்னியாவில் இதை ஆராய்ந்தார். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, அவர் அதை இழந்த விரல்களிலும் உணர்ந்தார்! கைக்குரிய இடத்தை அண்டையிலுள்ள முகம் பற்றிக்கொண்டது என்று டாக்டர் விளக்கினார்.

பின்னர், இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு ஒரு நிலைக்கண்ணாடியை வைத்தார். இருக்கும் கையை விரித்ததும், இறுகிக் கிடந்த இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர், வலி தணிந்தது. இம்முறை இன்று காலிழந்தோர்க்கும் கையாளப்படுகிறது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. வெட்டுண்ட நரம்பின் முனையிலிருந்தும் வலி எழக்கூடும். ஆகவே காரணத்தை மருத்துவரே கண்டறிய வேண்டும்.

காலிழந்தவர் வலி என்று சொன்னால் நகைக்காதீர்கள். "பைத்தியம் என்பார்களே" என்று அஞ்சி, சொல்லாமலே வேதனையை விழுங்குவோர் உண்டு. அவர் சொல்வதை நம்புங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.