மேஜரைச் சொல்லிவிட்டீர்கள், அலைடு என்ன?

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவர் கணக்கைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ.வைத் தாண்ட முடியவில்லை. பி.ஏ.வுக்குள் நுழைய அன்று அந்த இரண்டு வருடப் பொதுப்படிப்புதான் வாசல். கணக்கில் எத்தனை வாங்கினாலும் மற்ற பாடங்களிலும் தேறியாக வேண்டும். அந்த மாணவர் சீனிவாச இராமானுசன். கணக்கு அவரைக் கேம்பிரிட்ஜ் வரை கொண்டுபோனது; கும்பகோணத்தில் அவரை நிறுத்தியது கணக்கல்லாத பாடம்.

அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி மாதிரி ஒருவர் நமக்கெல்லாம் கிடைக்கமாட்டார். ஆகவே பாடத்தை நாமே பார்த்து எடுக்க வேண்டும். தஞ்சை சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி, குடந்தை, பூண்டி, மன்னார்குடி, திருவாரூர் என்று டெல்டாவின் கலை அறிவியல் கல்லூரிகளில் ஜூன் மாதம் சேரும் பிள்ளைகளில் பலர் அங்கேயே நின்றுவிடப் போவதில்லை. மூன்று வருடம் கழித்து எம்.எஸ்ஸி., எம்.ஏ., எம்.சி.ஏ., பி.எட். என்று ஏதாவது ஒரு பல்கலைக்கழகக் கதவைத் தட்டப்போகிறவர்கள். அந்தக் கதவு திறக்குமா என்பதைப் பெரும்பாலும் முதல் வருடத்தில் யோசிக்காமல் எடுத்த சில தாள்களே தீர்மானிக்கின்றன.

1. ஐந்து பகுதிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டில் டிகிரி என்றால் மேஜர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். பல்கலைக்கழகம் அதை ஐந்தாகப் பிரித்திருக்கிறது.

பகுதி 1: தமிழ் அல்லது வேறொரு மொழி.
பகுதி 2: ஆங்கிலம்.
பகுதி 3: மேஜர் தாள்களும் அலைடு எனப்படும் துணைப்பாடங்களும். புதிய பாடத்திட்டத்தில் அலைடுக்கு வேறு பெயர் இருக்கலாம். மாணவர்கள் வாயில் அது இன்னும் அலைடுதான்.
பகுதி 4: சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் மேம்பாட்டுத் தாள்கள், பிற துறையிலிருந்து எடுக்கும் என்.எம்.இ.
பகுதி 5: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு முதலிய விரிவாக்கப் பணிகள்.

ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே இரண்டு கேள்விகளை எழுதுங்கள். இதில் எனக்குத் தேர்வு செய்யும் உரிமை உண்டா? எந்த செமஸ்டரில்? கல்லூரி தரும் கையேட்டில் விடை இருக்கும். இல்லையென்றால் துறைத் தலைவரிடம் கேளுங்கள். குடந்தை அரசு ஆடவர் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுப்பவை. அதனால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் படிக்கும் அக்கா சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

2. போகும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்துகொண்டுதான் நம் ஊரில் விதை எடுப்பார்கள். குறுகிய காலக் குறுவைக்கு சி.ஆர். 1009 நெல்லை யாரும் விதைப்பதில்லை. அது ஐந்து மாதப் பயிர். பாடத்தேர்வுக்கும் அதே கணக்குத்தான். முதலில் அறுவடை எங்கே என்று பாருங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே கதவுகள் இருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981) கல்வெட்டியல், ஓலைச்சுவடி, கடல்சார் வரலாறு என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காத துறைகளை வைத்திருக்கிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் (1982). திருவாரூர் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் (2009). அங்கே முதுகலைக்குச் சேர க்யூட் என்னும் தேசிய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மூன்றாம் வருடம் வரை காத்திருக்காமல், இந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை இப்போதே இறக்கி, 'தகுதி' என்ற பத்தியை மட்டும் படியுங்கள். உங்கள் மேஜருக்கு எதிரே 'கணிதத்தைத் துணைப்பாடமாகப் படித்திருக்க வேண்டும்' என்பது மாதிரி ஒரு வரி இருந்தால் அடிக்கோடிடுங்கள். கட்டுரையின் மீதியை விட்டாலும் இந்த ஒரு வேலையை விடாதீர்கள்.

3. அலைடை பயத்தால் எடுக்காதீர்கள்

ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். அம்மாபேட்டைப் பக்கம் வீடு. +2-வில் ப்யூர் சயின்ஸ் குரூப், அதாவது கணக்கு இல்லை. பி.எஸ்ஸி. வேதியியலில் இடம் கிடைக்கிறது. ஒரு அலைடு இயற்பியல். இன்னொன்றுக்குக் கணிதம் அல்லது விலங்கியல் என்று துறை கேட்கிறது. கணக்கென்றால் பயம், தோழிகள் நான்கு பேரும் விலங்கியல், இவரும் விலங்கியல். மூன்றாம் வருடம் கணினிப் பக்கம் போகலாம், எம்.சி.ஏ. படிக்கலாம் என்று தோன்றுகிறது. சேர நினைத்த கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டைத் திறந்தால், +2-விலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டிலும் இல்லை. முதல் வருடத்தில் இரண்டு செமஸ்டர் கணக்கோடு மல்லுக்கட்டியிருந்தால் திறந்திருக்கும் கதவு அது.

இதன் மறுபக்கமும் உண்டு. உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் என்று போக நினைக்கும் வேதியியல் மாணவருக்கு விலங்கியலோ தாவரவியலோதான் கைகொடுக்கும். தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் வேதியியல் அலைடை அலட்சியம் செய்தால் அதே படிப்புகளில் திணறுவார்கள். ஆகவே எந்த அலைடு சுலபம் என்று சீனியரிடம் கேட்பதில் பயனில்லை. எந்த அலைடு எந்தக் கதவுக்கு என்று கேளுங்கள்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பட்டப்படிப்பின் பகுதி 3 மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். மேஜரோடு அலைடு மதிப்பெண்ணும் அதற்குள் அடக்கம். 'அலைடு தானே, 40 வந்தால் போதும்' என்று விட்டவர்கள், ஆசிரியர் ஆக ஆசைப்படும்போதுதான் அந்த 40-இன் பாரத்தை உணர்வார்கள். பி.காம்., பி.ஏ. பொருளியல் படிப்பவர்கள் இன்னும் ஒரு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர்கள் முதுகலை முடித்த பிறகே பி.எட்.டுக்குப் போக முடியும். மூன்றோடு இரண்டு, பிறகு இரண்டு என்று வருடக் கணக்கை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

4. மொழியும் பயிற்றுமொழியும்: இரண்டு தனி முடிவுகள்

பகுதி 1-இல் தமிழ் எடுப்பதா, பிரெஞ்சு, இந்தி போன்ற வேறு மொழி எடுப்பதா என்பது ஒரு முடிவு. வேறு மொழி எடுத்தாலும் தமிழ் உங்களை விடாது. +2 வரை தமிழே படிக்காதவர் பகுதி 4-இல் அடிப்படைத் தமிழும், படித்துவிட்டு வேறு மொழிக்குப் போனவர் சிறப்புத் தமிழும் எழுத வேண்டும். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று மொழி மாறுகிறவர்கள், குரூப் 4 போன்ற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு கட்டாயம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேஜரைத் தமிழ் வழியில் படிப்பதா, ஆங்கில வழியில் படிப்பதா என்பது இன்னொரு முடிவு. இது இன்னும் பெரியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்த பிள்ளை கல்லூரியில் ஆங்கில வழிக்குப் போனால், பட்டம் கேட்கும் குரூப் 1, குரூப் 2 வேலைகளில் அந்த முன்னுரிமை போய்விடும். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை என்றால், க்யூட் அறிவியல் வினாத்தாளில் தமிழ் கிடையாது, ஆங்கிலமும் இந்தியும்தான்.

இரண்டுக்கும் ஆசைப்படுகிறவருக்கு என் யோசனை: மேஜரைத் தமிழ் வழியில் வைத்துக்கொண்டு, பகுதி 2 ஆங்கிலத்தைத் தேர்வுக்கான மனப்பாடமாக நடத்தாமல் உண்மையாகப் படியுங்கள். மேஜரின் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தினம் பத்துச் சொல் போதும்.

5. என்.எம்.இ. நோட்டு வரும் அந்த மதியம்

வகுப்புப் பிரதிநிதி ஒரு நோட்டோடு வருவார். நான்கைந்து துறைகளின் பெயர் இருக்கும். முதல் பெஞ்ச் எதை எழுதுகிறதோ அதையே கடைசி பெஞ்ச் வரை எழுதும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த மதியத்துக்கு முன்பே தயாராக இருங்கள். ஒவ்வொரு துறையும் என்ன தாள் தருகிறது என்று சிலபஸை வாங்கிப் பாருங்கள். போட்டித் தேர்வு எண்ணம் இருந்தால் வரலாறு அல்லது அரசியல் அறிவியல் துறை பக்கம். கணக்கில் பழக்கம் விட்டுப்போனவர் கணிதத் துறையின் திறனறிக் கணக்கு பக்கம். கடை, தொழில் எண்ணம் இருப்பவர் வணிகவியல் பக்கம். மதிப்பெண் வகுப்பு கணக்கிட இது உதவாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மொழி, மேஜர், அலைடு தாண்டி வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் ஒரு செமஸ்டர் உட்காரும் வாய்ப்பு மூன்று வருடத்தில் இங்குதான் வருகிறது.

6. பட்டத்தின் பெயரையும் பாருங்கள்

புதிதாகத் தொடங்கும் படிப்புகளுக்குக் கவர்ச்சியான பெயர் வைக்கிறார்கள். அரசு வேலை அறிவிப்பில் பழைய பெயர்தான் இருக்கும். உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இல்லையென்றால், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் சிக்கல். அந்தப் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று சேரும் நாளிலேயே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். ஆணையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. எடுத்ததைக் காப்பாற்றுங்கள்

இராமானுசன் காலத்தைவிட விதி இளகியிருக்கிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ தவறினால் படிப்பு நிற்காது. அரியர் வைத்துப் பிறகு எழுதலாம். ஆனால் பகுதி 4-இன் சுற்றுச்சூழல் தாள் ஒன்று மிச்சமிருந்தாலும் பட்டம் வராது. மேஜரில் முதல் வகுப்பு வைத்திருப்பவர் ஒரு சின்னத் தாளுக்காக முதுகலை இடத்தை விடுவது பரிதாபம். பல கல்லூரிகளில் தாளுக்கு 25 மதிப்பெண் இன்டர்னல். அதில் ஒரு பங்கு வகுப்புக்குப் போவதிலேயே வந்துவிடும். செமஸ்டர் தோறும் மதிப்பெண் பட்டியலை ஐந்து பகுதியாகப் பிரித்துச் சரிபாருங்கள். நீங்கள் சேர்ந்த வருடத்துப் பாடத்திட்டத்தின் நகலை டி.சி., மதிப்பெண் பட்டியலோடு ஒரே கோப்பில் வையுங்கள். வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

தவறான அலைடை எடுத்துவிட்டதாகத் தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்டர்னல் தேர்வு தொடங்கிய பிறகு மாற்றுவது கடினம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும் "என்ன மேஜர்?" என்று உறவினர் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் ஒருவராவது "அலைடு என்ன, ஏன் அதை எடுத்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் பிள்ளை விழித்தால், மறுநாள் காலை பஸ் ஏற்றிவிடும்போது துறைத் தலைவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.