தரிசு என்று எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

மாணவர்களைத் தார் பாலைவனத்துக்கு அழைத்துப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. திட்டத்தில் மணல்மேடுகளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறாய். அரை நாள் போதும். மணல்மேட்டை அவர்கள் நீ இல்லாமலும் பார்த்துக்கொள்வார்கள்.

மிச்ச நேரத்தில் ஒரு 'கடீன்' பார்க்கப் போ. ஆண்டுக்கு 200 மி.மீ. மழைகூடத் தேறாத ஜெய்சல்மேரில், பாறைச் சரிவில் வழியும் நீரைத் தாழ்நிலத்தில் மண்கரை போட்டு மறிக்கிறார்கள். நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. பாலிவால் சமூகத்தார் நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த முறை இது. வயலைப் பார்த்ததோடு திரும்பிவிடாதே. மேலே உள்ள சரிவிலும் மாணவர்களை நடக்கவிடு. வயலைவிடப் பல மடங்கு பெரிய அந்த மொட்டைப் பாறைதான் வயலுக்குத் தண்ணீர் தருகிறது.

அடுத்து பிகானேர் பக்கம். மணலுக்கடியில் ஜிப்சம் அடுக்கு இருக்கும் இடங்களில், மழையீரம் ஆழத்து உப்புநீரோடு கலக்காமல் மேலேயே தங்கும். ஆள் இறங்கும் அகலத்துக்குக் கிணறு தோண்டி, கசிந்து ஊறும் நன்னீரைக் குடித்தார்கள். இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனம் வந்தபோது, இதுபோன்ற இறுகிய அடுக்குகளே நீரைக் கீழே இறங்கவிடவில்லை. பல வயல்களில் நீர் தேங்கி உப்புப் பூத்தது. ஆனால் கால்வாய் குடிநீரும் தந்தது. அதைப் புகழவோ ஏசவோ மாணவர்களை அவசரப்பட விடாதே. எந்த மண்ணில் எவ்வளவு நீர் என்று கணக்குப் போடச் சொல்.

'ஓரண்' எனப்படும் கோயில் காடுகளுக்குக் கட்டாயம் போ. சாமிக்கு விட்ட நிலம். மரம் வெட்டமாட்டார்கள், ஆடுமாடு மேயும். வருவாய்ப் பதிவேட்டில் இவற்றுள் பல வெறும் தரிசு. அதனால்தான் சூரிய மின் நிலையங்களுக்கு இடம் தேடும்போது கண் முதலில் இங்கே விழுகிறது. பாத்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்காவே இருக்கிறது. அந்த மின்சாரம் நமக்கு வேண்டும்தான். ஆனால் அதைக் கொண்டுபோகும் கம்பிகளில் மோதிக் கானமயில் சாகிறது. கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பதைச் சரியாகக் காணாத கண். கம்பி அருகில் வந்தபின் அதனால் விலக முடிவதில்லை. இயற்கையில் 150-க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் பறவை. குறைந்த மின்னழுத்தக் கம்பிகளை நிலத்துக்கடியில் புதைக்கும்படி 2021-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2024-இல் அதைத் தளர்த்தியது. இரண்டு உத்தரவுகளையும் படிக்கவைத்து வாதிடச் சொல்.

கடைசியாக ஒரு வேலை கொடு. ஒரே ஊருக்கு இரண்டு வரைபடம்: ஒன்று பதிவேட்டில் உள்ளபடி, இன்னொன்று மேய்ப்பர்களிடம் கேட்டு வரைந்தது. எந்த மாதம் எங்கே புல், எங்கே தண்ணீர், யாருக்கு உரிமை என்று பெண்களிடமும் கேட்கட்டும். இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் அறிக்கையாக எழுதினால் போதும். அதற்கு முழு மதிப்பெண் கொடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்