லொறியின் பின் டிபரன்ஷலில் ஒயில் ஒழுகினால்...

குறிஞ்சிப்பிட்டி, கல்பிட்டி, நுரைச்சோலைப் பகுதிகளில் மீன், கருவாடு, மரக்கறி வியாபாரம் செய்பவர்களுக்கு லொறியும் ஒரு கடைதான். அது ஒரு நாள் நின்றால் அன்றைய சரக்கு வீணாகிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பல வருடங்கள் பழைய லொறிகளையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அத்தகைய லொறிகளில் அடிக்கடி காணப்படும் குறை, பின் டிபரன்ஷலில் ஒயில் ஒழுகுவதாகும்.

"சொட்டுத்தானே" என்று விட்டுவிடுவோர் ஒரு சாரார். சீலை மாற்றி, சில மாதங்களில் மீண்டும் ஒழுக, மீண்டும் சீலை மாற்றுவோர் இன்னொரு சாரார். இரு சாராருக்கும் நட்டமே.

டிபரன்ஷலின் வேலை என்ன?

எஞ்சினிலிருந்து ஷாப்ட் வழியாக வரும் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குத் திருப்பிக் கொடுப்பதும், வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் வேகத்தில் சுழல இடமளிப்பதும் இதன் வேலை. பின்சில்லால் இயங்கும் பல பந்தயக் கார்களிலும் டிபரன்ஷல் உண்டு. உள்ளே கிரவுன் வீலும் பினியனும் தடித்த கியர் ஒயிலில் நனைந்தபடி சுழல்கின்றன. ஒயில் குறைந்தால் பற்கள் சூடேறித் தேயும். முதலில் ஊளையிடும் சத்தம் கேட்கும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் பெயரிங்கும் பற்களும் உடைந்து, சில்லு இறுகிவிடவும் கூடும்.

எங்கே ஒழுகுகிறது?

அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். ஒழுக்கு மூன்று இடங்களில் ஒன்றில் தெரியும்.

1. ஷாப்ட் வந்து சேரும் முன்பக்கம்: பினியன் சீல்.

2. பெட்டி பொருந்தும் இடம்: கெஸ்கட் அல்லது ஒயில் மூடி.

3. சில்லின் உட்பக்கம்: அக்ஸில் சீல். இதுதான் உயிராபத்தானது. ஒயில் பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இந்த நிலையில் சரக்கேற்றி ஓடவே கூடாது.

கியர் ஒயில் தடிப்பானது, கந்தக வாடை வீசும். சில்லின் உட்பக்கம் மெல்லியதாக, அந்த வாடை இல்லாமல் ஒழுகினால் பிரேக் ஒயிலா என்றும் பாருங்கள்.

சீலைத் தவிர இன்னொரு காரணம்

டிபரன்ஷலின் மேல் பிரீதர் எனும் சிறிய மூச்சுத் துவாரம் உண்டு. ஓடும்போது சூட்டினால் உள்ளே விரியும் காற்று இதன் வழியே வெளியேறும். நமது மணலும் உப்புக் காற்றால் வரும் துருவும் இதை அடைத்துவிட்டால், அந்த அழுத்தம் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீல் போட்டாலும் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சீலை மாற்றுமுன் பிரீதரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மீன் ஏற்றக் கரையில் இறக்கும் லொறிகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சூடான டிபரன்ஷல் தண்ணீரில் பட்டுக் குளிரும்போது, உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒயில் பால் போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

கராஜில் கவனிக்க வேண்டியவை

* ஒயிலை வடிக்குமுன் மேல் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பின் அது இறுகிக் கிடந்தால் ஒயில் ஊற்ற வழியில்லை.

* லொறியைச் சமதரையில் நிறுத்தி, மேல் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை மட்டும் ஊற்றுங்கள். கூடினாலும் ஒழுகும்.

* வாகனக் கையேட்டில் உள்ள தரத்திலேயே கியர் ஒயில் வாங்குங்கள். எஞ்சின் ஒயில் இதற்கு ஈடாகாது.

* பினியன் நட்டைக் கழற்றுமுன் அதன் இடத்தை அடையாளமிடச் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெயரிங் சீக்கிரம் போய்விடும்.

* வடித்த ஒயிலில் இரும்புத் துண்டுகள் இருந்தால், சீலோடு வேலை முடியாது. பெட்டியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

மாதம் ஒரு முறை ஒயில் மட்டத்தைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சீலும் ஒயிலும் சிறிய செலவு. கிரவுன் வீலும் பினியனும் போனால் பெருந்தொகையோடு பல நாள் வருமானமும் போகும்.

கடைசியாக ஒன்று. ஒழுக்கைத் துடைத்து மறைத்து லொறியை விற்பது வியாபாரமல்ல. அந்தப் பிரேக்கை நம்பி ஓட்டப்போவது இன்னொருவர். குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள்.