மூடிய காரும் மங்கிய கண்ணாடியும்



கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எட்டாம் வகுப்பில் நீராவி குளிர்ந்து நீராகும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், ஊட்டிக்குப் போகும்போது எங்கள் காரின் கண்ணாடியில் பனி படிந்து ரோடே தெரியவில்லை. ஜன்னல்களை எல்லாம் இறுக மூடித்தான் வைத்திருந்தோம். பிறகு பனி எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டாள்.

மேலும் விசாரித்தேன். காரில் ஐந்து பேர். மேட்டுப்பாளையத்தில் வெயிலும் தூசியுமாக இருந்ததால், வெளிக்காற்று உள்ளே வராதபடி அவள் அப்பா ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். மலையேறத் தொடங்கியதும் குளிர்ந்தது, ஏ.சி.யை நிறுத்தினார், அந்தப் பொத்தானை மறந்தார். எல்லாரும் செபமாலை சொல்லிக்கொண்டே சென்றிருக்கிறார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. எதிரே லாரியின் ஹார்ன் சத்தம்! நல்லவேளையாக ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். துண்டால் துடைத்தும் இரண்டே நிமிடத்தில் மீண்டும் மங்கிவிட்டதாம்.

"பனி உள்ளே வரவில்லை, மகளே. உள்ளே இருந்ததுதான் வெளியே போகவில்லை" என்றேன். அன்று வகுப்பில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கண்ணாடி மங்குவது ஏன்?

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று அவ்வளவு தாங்காது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம், 0 டிகிரியில் 5 கிராம் மட்டுமே. மிஞ்சியது, தான் தொடும் குளிர்ந்த பரப்பில் நுண்ணிய துளிகளாகப் படிந்துவிடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே மலை ஏற ஏறக் காரின் கண்ணாடி குளிர்ந்துகொண்டே போகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் உறைபனியே விழுவதுண்டு.

இனி ஒரு சிறு கணக்கு. நாம் விடும் மூச்சில், ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 கிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஐந்து பேருக்கு 75 கிராம். சாதாரணக் காரின் உட்புறம் சுமார் 3 கன மீட்டர். கண்ணாடி 10 டிகிரியில் இருந்தால், அதை ஒட்டிய காற்று கன மீட்டருக்கு 9 கிராமுக்கு மேல் தாங்காது. அந்த அளவில் கார் முழுவதற்கும் 27 கிராம்தான். காற்று வெளியேற வழியில்லை என்றால், அரை மணி நேரத்திற்குள்ளாகவே கண்ணாடி மங்கிவிடும் என்பது விளங்குகிறதல்லவா? வாய்விட்டுச் செபித்தாலும் பாடினாலும் நீராவி இன்னும் கூடும். அதற்காகச் செபத்தை நிறுத்த வேண்டாம். காற்றுக்கு வழி விட்டால் போதும்!

அந்தப் பொத்தான் எது?

காரின் படத்திற்குள்ளேயே ஓர் அம்புக்குறி வளைந்து திரும்பினால், அது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் நிலை. அம்புக்குறி வெளியிலிருந்து காருக்குள் வந்தால், அது வெளிக்காற்று நிலை. பழைய கார்களில் பொத்தானுக்குப் பதில் தள்ளும் பிடி இருக்கும்.

உள்சுழற்சி கெட்டதன்று. கொளுத்தும் வெயிலில் கார் விரைவில் குளிரவும், புகை கக்கும் லாரியின் பின்னால் செல்லும்போதும், தூசி நிறைந்த ரோட்டிலும் அது உதவும். காரியம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நெடுநேரம் அப்படியே விட்டால் இன்னொரு தீங்கும் உண்டு. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 பங்குக்குச் சற்று மேலாகக் கரியமில வாயு இருக்கிறது. பலர் அமர்ந்த மூடிய காரில் அது சில ஆயிரம் பங்காக உயரும். பிராணவாயு தீர்ந்துவிடாது, ஆனால் தலை கனக்கும், தூக்கம் வரும். பின்னால் இருப்பவர்கள் தூங்கலாம், ஓட்டுகிறவர் தூங்கலாமா?

குளிரில் செய்ய வேண்டியவை

1. மலையடிவாரத்திலேயே வெளிக்காற்று நிலைக்கு மாற்றுங்கள்.

2. காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பிச் சூட்டைக் கூட்டுங்கள்.

3. ஏ.சி.யையும் போடுங்கள். "குளிரில் ஏ.சி.யா?" என்று சிரிக்க வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை அது பிழிந்தெடுக்கிறது. நிற்கும் காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரமே. கடுங்குளிரில் சில கார்களில் ஏ.சி. இயங்காது, அப்போது வெளிக்காற்றே போதும். 0 டிகிரிக் காற்றில் 5 கிராம் ஈரம்தான் இருக்கும். அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் மேலும் 12 கிராம் வரை ஏற்கும்.

4. ஏ.சி. இல்லாத காரில் இரு பக்கமும் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவையுங்கள்.

5. ஓடும் காரில், ஓட்டுகிறவர் துண்டால் துடைக்க வேண்டாம். வழி தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்துவதே அறிவு.

நம் ஊரில்

"நாங்கள் ஊட்டிக்கா போகிறோம்?" என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திற்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழா நடப்பதும் மழைக்காலத்தில்தான். டிசம்பர் 3 அன்று, நனைந்த குடையும் ஈர உடையுமாக ஒரு குடும்பமே காரில் ஏறினால் கண்ணாடி மங்காதா? அங்கும் இதே மருந்துதான்: வெளிக்காற்று, அதனுடன் ஏ.சி. நம் ஊர் மழைக்காற்றே ஈரமானதாகையால் இங்கே ஏ.சி. மிகவும் அவசியம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏ.சி.யை மிகக் குளிராக வைத்தால் கண்ணாடியின் வெளிப்புறமும் மங்கும். விரலால் உள்ளே தடவிப் பாருங்கள். கோடு விழாவிட்டால் மங்கியிருப்பது வெளியே; வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இன்னுமோர் எச்சரிக்கை. நின்ற காரில் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, குளிருக்காகவோ குளிர்ச்சிக்காகவோ தூங்கக் கூடாது. மூடிய ஷெட்டில் இஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தோடு சேர்ந்து உயிரைப் பறித்துவிடும். எந்தப் பொத்தானும் அதைத் தடுக்காது.

பயணம் புறப்படுமுன் சிலுவை அடையாளம் வரைந்து செபிப்பது நம் வழக்கம். இறைவன் தந்த அறிவைப் பயன்படுத்துவதும் அந்தச் செபத்தின் ஒரு பகுதியே. அடுத்த முறை மலையேறும்போது முன் இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம், "அப்பா, வெளிக்காற்றுப் பொத்தானைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மாணவி இப்போது தவறாமல் கேட்கிறாளாம்.